சாம்பல் ரோஸ்

இருந்தவர்கள்:

தாட்சாயணி: வண்ண முட்டை போடும் கோழிகளைத் தேர்ந்து வளர்ப்பவள். நகரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கோடியில் வீடு, பின்னால் கோழி ஷெட்.

முனிகிருஷ்ணன்: அவள் கணவன். மகள் பவ்யாவின் நைனா, அதாவது அப்பா. வீட்டிலேயே பவர்லூம் ஓட்டியவன். தறியை விற்றுவிட்டுத் தீவனம் கலக்குகிறான். தறி இருந்த அறை இப்போது காலி.

யஸ்வந்த்: அவள் தம்பி. கால்நடைத் துறையில் கிராம உதவியாளன். கோழிகளைக் கொல்ல வந்திருக்கும் குழுவோடு வந்தவன். சொந்த அக்கா வீடு என்பதால் முன்னால் அனுப்பப்பட்டவன்.

ஊரில் பறவைக் காய்ச்சல் என்று அறிவித்த மறுநாள். பிற்பகல்.

— ஆறு. தறி ரூம்ல ஒளிச்சி வைக்க ஆறு கோழிக்கு மேல ஒண்ணு கூட கூடாதுக்கா.

— ஆறுன்னா எப்பிட்றா யஸ்வந்த்? நீலம் போட்றது மூணு வேணும். அதுக்கு சேவல் ஒண்ணு. அதுக்கே நாலாச்சி. பச்சைக்கு? சாக்லேட்டுக்கு?

— சேவல் வேணாம். தறி ரூம் உள்ளேர்ந்து அது கூவிச்சின்னா டீமுக்கு தெரிஞ்சிடும். உன் கோழியும் போவும், என் வேலயும் போவும்.

— சேவல் இல்லாம பொட்டைங்கள வச்சிக்கினு இன்னா பண்றது? போட்டோ புடிச்சி மாட்டிக்கறதா? கேளு. முட்டைக்கு நிறம் பொட்டை மட்டும் குடுக்கறதில்ல. குஞ்சுக்கு பாதி நிறம் அப்பங்காரன்கிட்டேர்ந்து வருது. அவன் முட்டை போட மாட்டான், அதனால அவன்கிட்ட இன்னா கீதுன்னு வெளிய தெரியாது. கொண்டைய பாத்துதான் புடிக்கணும். பட்டாணிய வரிசையா ஒட்டினா மாதிரி சின்னதா அமுங்கிக்கீதா, நீலம் கீதுன்னு அர்த்தம். பதினெட்டு சேவல கறிக்கு போட்டுட்டு இவன் ஒருத்தன வச்சிக்கினு கீறன்.

— தாட்சு, தம்பி சொல்றத கேளு.

— நீ சும்மா இரு பவ்யா நைனா. தறிய லாரில ஏத்தினப்பவே ஒரு சொட்டு தண்ணி கண்ணுல வராத ஆளு நீ.

— தறிக்கு உயிரா கீது? அத்த யாரும் சாக்குல போட்டு கட்டல.

— பாத்தியாடா? உன் மாமா பேசறத பாத்தியா?

— அக்கா, டைம் இல்ல. பொன்னியம்மா வூட்டாண்ட கீறாங்க. அந்த வூடு முடிஞ்சா நடுவுல ரெண்டு, அப்புறம் நீதான்.

— அவகிட்ட கீறதெல்லாம் நாட்டுக்கோழிதானடா. பத்து கூட இருக்காது.

— பத்தோ நூறோ, சீக்கு வந்த எடத்த சுத்தி போட்ட வட்டத்துக்குள்ள கீற எல்லாத்தையும் எடுக்கணும். ‘வதலண்டி, வுட்ருங்க’ன்னு எங்க டீம் டாக்டரம்மா கால புடிச்சிக்கினு வுடல. அப்புறம் தொடப்பத்த எடுத்துக்கினு நின்னுச்சி. தெலுங்குல கெஞ்சிச்சி, தமிழ்ல திட்டிச்சி. ரெண்டு பேரு தூக்கினு போயி தெருவுல உக்கார வச்சாங்க.

— எப்பிட்றா சாவடிக்கறாங்க?

— அத்த ஏன் கேக்குற?

— கேக்கறன்ல.

— கழுத்த திருப்பி சாக்குல போட்றது. மேல சுண்ணாம்பு. ஏரிக்கரைல ஜேசிபி குழி தோண்டிக்கினு கீது.

— முட்டை?

— முட்டையும் குழிக்குதான். தீவனமும்.

— நாளைக்கு திருப்பதி ஓட்டலுக்கு கூடை போவணும். நீலம், பச்சை, சாக்லேட்டு, மூணையும் கலந்து கண்ணாடி கிண்ணத்துல வைப்பான் அவன். காலைல சாமி பாத்துட்டு எறங்கற ஜனம் ஒரு முட்டைய எடுத்து நகத்தால சொரண்டி பாக்குமாம், பெயிண்டு அடிச்சிக்கீதான்னு. அவன் சொல்லி சொல்லி சிரிப்பான்.

— இன்னாக்கா இப்பிடி இருமற?

— ஷெட்டுக்கு சுண்ணாம்பு தெளிச்சன்ல, அந்த தூசி. வுடு. கேளு, எழுதிக்காத, மனசுல வச்சிக்கோ. லெக்பார் ஒண்ணு, தலைல குடுமி வச்சிக்கினு கீதே, அது. வானம் வெளுத்தா மாதிரி நீலம். அமரக்கானா ஒண்ணு, கன்னத்துல தாடி வச்சது. அது நீலந்தான், ஆனா இன்னும் அழுத்தமா இருக்கும். பச்சைக்கு ஆலிவ். அத்த எந்த கடைலயும் வாங்க முடியாது, நானே எடுத்தது. சாக்லேட்டுக்காரி வயித்துல நீலத்தான் புள்ள. நீலத்து மேல காப்பி ஊத்தினா பச்சையாவும். புரியுதா?

— புரியுது. போயி புடி.

— இன்னா புரியுது உனுக்கு? கோயம்புத்தூர்லேர்ந்து கூரியர்ல வந்த முட்டைல பாதி கலங்கி போச்சி. பொரிஞ்சதுல பாதி சேவலாயிடுச்சி. மிச்சம் கீறதுல ஒண்ணு ஒண்ணா நிறம் பாத்து, வெயில்ல வச்சி பாத்து, ட்யூப்லைட்டுல வச்சி பாத்து கழிச்சிக்கினு வந்தன். நாலு வருசம்டா. இப்ப நீ வந்து ஆறுன்ற.

— ஆறு இல்லன்னா ஒண்ணும் இல்லக்கா.

— சரி. ஆறு. அஞ்ச இப்ப புடிச்சாறன். ஆறாவது ஏற்கெனவே தறி ரூம்லதான் கீது.

— ஏற்கெனவேயா? அது இன்னா கோழி?

— வந்து காட்றன். பாத்தா வாய தொறந்துடுவ. பவ்யா நைனா, அந்த கூடைய குடு. மூடி கீறத குடு, அதுல்ல.

— மாமா, அக்கா ஷெட்டுக்குள்ள போயாச்சா?

— போயாச்சி. சேவல திட்டிக்கினு கீறா, கேக்குதுல்ல.

— பூட்டு எங்க?

— பரண் மேல இருந்திச்சி. எடுத்து மடில வச்சிக்கீறன். நீ நெஜமாவே அந்த ஆற வுட்ருவியா?

— எப்பிடி மாமா வுட முடியும்?

— தெரியும். சும்மா கேட்டன்.

— அக்கா கூடைய எடுத்துக்கினு ரூம் உள்ள போனதும் வெளிய பூட்டிடணும். ஷெட்ட முடிச்சிட்டு கடைசியா ரூம திறப்பாங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டன். அக்கா வெளிய இருந்தா இன்னா பண்ணும்னு உனுக்கு தெரியாதா? ஷெட்டு நடுவுல போயி படுத்துக்கும். போலீஸு வரும். அத்த இழுத்துக்கினு போவறத நான் பாத்துக்கினு நிக்கணும்.

— நீ சாயந்தரம் உன் வூட்டுக்கு போயிடுவ. நான் அவகூட ஒரே சட்டில துன்னணும்.

— வேற வழி இருந்தா சொல்லு மாமா.

— வழி இருந்தா நான் ஏன் பூட்ட மடில வச்சிக்கினு நிக்கறன்?

— அக்கா எப்பலேர்ந்து இருமுது?

— மூணு நாளா. ராத்திரில உடம்பு அனலா கொதிக்குது. மாத்திரைய முழுங்கிட்டு காலைல எழுந்து தீவனம் போட போயிட்றா. கேட்டா மழைல நனஞ்சன்றா.

— மூணு நாளா மழையே இல்லியே.

— அத்த நான் சொன்னா கேக்க மாட்டா. பாய சுருட்டினு தறி ரூமுக்கு போயி படுத்துக்கறா. என்ன உள்ள வுடறதில்ல. ஏதோ கோழி வச்சிக்கீறா.

— அந்த ஆறாவதா?

— அதான்னு நெனைக்கறன். நான் பாக்கல. கேட்டா ‘நீ கண்ணு வச்சிடுவ’ன்றா.

— மெதுவா பேசு, வந்துட்டா. அக்கா, அஞ்சும் கெடச்சிச்சா?

— நாலு பொட்டை, ஒரு சேவல். ஒண்ணும் பேசாத, சேவலுக்கு தலைல துணி சுத்திக்கீறன், இருட்டுல கூவ மாட்டான். இந்தா, வெயிட்டா கீது, புடி. கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறன்.

— உக்காருக்கா.

— உக்கார நேரமா இது? கைய நீட்டு. அமுக்காத, மெதுவா வாங்கு. இது இன்னா நிறம் சொல்லு?

— சாம்பல்... இல்ல, லைட்டா ரோஸ் அடிக்குது.

— ஆங்! சாம்பல் மேல ரோஸ் தடவினா மாதிரி. இந்த ஜில்லாலயே கெடையாது. நெட்டுல தேடி பாத்துட்டன், எவன்கிட்டயும் இல்ல. நானே பேரு வச்சிக்கீறன், சாம்பல் ரோஸ். அந்த ஆறாவது கோழி போட்டது. பெங்களூருகாரி ஒருத்தி போட்டோ பாத்துட்டு ராத்திரில போன் பண்றா.

— எந்த ஜாதி கோழிக்கா?

— மாரன்ஸு. காலுல முடி இருக்கும்ல, அது.

— மாரன்ஸு சாக்லேட்டுதான போடும்?

— போட்டுக்கினுதான் இருந்திச்சி. போன வாரம் மாறிச்சி.

— மாறிச்சின்னா? கொஞ்சம் கொஞ்சமாவா?

— ஒரு நாளு நல்ல சாக்லேட்டு. ஒரு நாளு வுட்டு பாத்தா இது. எடுத்து கைல வச்சிக்கினு அப்பிடியே நின்னுட்டன்டா.

— இந்த ஓடு இன்னா மணல் மாதிரி கீது? அமுக்கினா உள்ள போவுது.

— அமுக்காதன்னு சொன்னன்ல! கால்சியம் பத்தல. கிளிஞ்சல் பொடி சேத்து போடறன், சரியாயிடும்.

— அக்கா, கோழி நிறம் மாத்தாது. நீதான எனுக்கு சொன்ன? மொத முட்டை இன்னா நிறமோ, கடைசி முட்டையும் அதே நிறம்னு.

— வெளுக்கும்டா. சீசன் முடியறப்ப மாரன்ஸு வெளுக்கும்.

— மாசக்கணக்குல வெளுக்கும். ஒரே நாள்ல வெளுக்காது. அக்கா, எங்க ட்ரெய்னிங்ல படம் போட்டு காட்டினாங்க. இந்த சீக்கு வந்தா முட்டைக்கு ஓடு கட்டற எடம், நிறம் பூசற எடம், அதுலயும் பூந்துடும். ஓடு மெலிசாவும். நிறம் எறங்கும். இது புது நிறம் இல்லக்கா. இருந்த நிறம் போயிடுச்சி.

— நீ இன்னாத்த கண்ட? ஊசி போட்ற வேல உன்து. நிறம் என்து.

— அதான் சொல்றன். வெள்ளை முட்டை போட்ற ஃபார்ம்ல நிறம் போனா எவன் கண்ணுக்கும் தெரியாது. இந்த ஊர்ல மொதல்ல கண்ணுக்கு தெரிஞ்சது உனுக்குத்தான்.

— தாட்சு, அந்த கோழிகூட வேற எது இருந்திச்சி?

— நீ ஏன் இப்ப வாய தொறக்குற?

— கேட்டன். சொல்லு.

— இவன. இந்த சேவல. நிறத்த வுடக்கூடாது, வித்து எடுத்துடணும்னு இவன அதுகூட ரெண்டு நாளு வுட்டன்.

— அப்புறம்?

— அப்புறம் திருப்பி ஷெட்டுல வுட்டன். வுட்டு ரெண்டு நாள்ல இன்னும் ரெண்டு மாரன்ஸு சாம்பல் ரோஸ் போட்டுச்சி. சேவல் ராசிதான்னு நெனச்சன்.

— அக்கா. சேவல் ஏறினா பொட்டையோட முட்டை ஓடு மாறுமா?

— மாறாது. தெரியும்டா. எனுக்கு தெரியாதா? அடுத்த தலைமுறைலதான் தெரியும். எல்லாருக்கும் நாந்தான் அத்த சொல்லி குடுக்கறன். ஆனா மூணு முட்டையும் வரிசையா கட்டில் மேல வச்சி பாத்தப்ப... நம்பணும்னு இருந்திச்சி.

— பொன்னியம்மா கோழிங்க இங்க வருமா மாமா?

— டெய்லி வரும். ஷெட்டுக்கு வெளிய செதறின தீவனத்த பொறுக்கும். அவளோடது ஞாயித்துக்கெழம காலைல மூணு செத்துச்சி. பால் சொசைட்டி பக்கம் அதுக்கு முன்னாடியே செத்துச்சி. எது மொதல்ல, எது பின்னாடின்னு எனுக்கு தெரியாது.

— யாருக்கும் தெரியாது. ஏரில எறங்கற பறவையா கூட இருக்கலாம். ரூம திற, அக்கா.

— வேணாம். தூங்குது.

— திறன்னு சொல்றன்.

— தாட்சு, திற. அட, நவுரு, நான் திறக்கறன்.

— மாமா, நீ உள்ள வராத! அங்கயே நில்லு. ரெண்டு பேரும் மாஸ்க் போடுங்க, என் பேக்குல கீது. அக்கா, இது தூங்கல. கழுத்து தொங்கிப்போயி கீது. கொண்டைய பாரு.

— இருட்டுல அப்பிடி தெரியுது.

— கருத்துப்போச்சி. நீலமா கூட இல்ல, கருப்பு. தொடாத! அக்கா, கைய எடு!

— நாலு நாளா மடில வச்சிக்கினு கீறன், இப்ப தொடாதன்றியா?

— மடிலயா?

— துன்னல. வாய தொறந்து தண்ணி ஊட்டினன். மூக்குல சளி ஒழுவிச்சி, தொடச்சி வுட்டன். நம்ம கைக்குழந்தைக்கு பண்றதுதான்.

— மூச்சு வாங்குதாக்கா உனுக்கு? பொய் சொல்லாத.

— குடம் தூக்கினா வாங்குது.

— இப்ப நீ குடம் எதுவும் தூக்கல. பேசும்போதே வாங்குது.

— டேய், பயமுறுத்தாத.

— 108-க்கு அடிக்கறன். திருப்பதில பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போவணும். மொதல்ல இன்னா கோழி, எப்ப தொட்டன்னு எல்லாத்தையும் ஒளிக்காம அவங்ககிட்ட சொல்லணும். மாமா, உனுக்கு ஜொரம் கீதா?

— இல்ல. என்னத்தான் ரூமுக்குள்ளயே வுடலியே. நான் கண்ணு வச்சிடுவன்னு.

— பவ்யா? அவ இந்த முட்டைய தொட்டாளா? அக்கா, உன்னத்தான் கேக்கறன். உன் பொண்ணு தொட்டாளா?

— தொட வுடல.

— நெஜமா?

— மொத முட்டைய பாத்துட்டு குடு குடுன்னு கைய நீட்டினா. கீழ போட்டு ஒடச்சிடுவான்னு கைமேலயே போட்டன். சுள்ளுன்னு ஒண்ணு. அழுதுக்கினே புத்தூருக்கு ஷோபா அண்ணி வூட்டுக்கு போனவதான். இன்னும் வரல.

— அப்ப ஜொரம் வரதுக்கு முன்னாடியே போயிட்டா. நல்லதாச்சி. அங்கயே இருக்கட்டும்.

— தம்பி...

— இன்னா மாமா?

— இன்னிக்கு வரா. காலைல நாந்தான் எங்க ஷோபா அக்காவுக்கு போன் போட்டன். பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வேன்லயே நம்ம ஊருக்கு அனுப்புன்னு. கோழிய எல்லாம் எடுத்துட்டா இவ ஒடஞ்சி போயிடுவா, கொழந்த பக்கத்துல இருந்தா கொஞ்சம் தாங்குவான்னு.

— இப்ப மணி இன்னா?

— வேன் வர நேரந்தான்.

— மாமா, நீ ரோட்டுக்கு ஓடு. வேன நிறுத்து.

— தம்பி, ஆரன் கேக்குது. கோயிலாண்ட திரும்பிட்டான்.

— பவ்யா நைனா, எங்க ஓடற? நில்லு. வேன் வாசல்ல நிக்கும்போதே குதிச்சிடுவா அவ. கோவத்துல போனவ, ஓடியாந்து என் வயித்துல மூஞ்ச வச்சிக்குவா. நீ புடிச்சா நிக்க மாட்டா. அந்த பூட்ட எடு.

— எந்த பூட்டு?

— உன் மடில கீறது. பரண் மேல இருந்தது. நீங்க ரெண்டு பேரும் பேசினது ஷெட்டு வரிக்கும் கேட்டுச்சி. என் தம்பிக்கு பொறந்ததுலேர்ந்து மெதுவா பேசவே வராது.

— அக்கா, நான்...

— வுட்றா. நீ வெளிய பூட்டினா நான் உள்ள தாப்பா போட்டுக்கலாம்னு நெனச்சிக்கினுதான் கூடையோட வந்தன். டீம் கதவ ஒடைக்கட்டும், பாத்துக்கலாம்னு. அந்த கூடைய எடு. கொண்டுபோயி ஷெட்டுலயே வுட்று. டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. சேவல மொதல்ல முடிக்க சொல்லு. பொட்டைங்க கத்தறத கேட்டுக்கினு அவன் நிக்க வேணாம்.

— தாட்சு, அந்த கோழியோட உள்ள போவாத. வா, பின்பக்கமா தோட்டத்துக்கு போயிடு.

— பின்பக்கம்தான் அவ மொதல்ல தேடுவா. நான் எப்பவும் அங்கதான கீறன்? இது கிட்ட இருந்து எனுக்கு இனிமே வரதுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் வந்தாச்சி. நவுரு.

— அவ கேட்டா இன்னா சொல்றது?

— இல்லன்னு சொல்லு. ஊருக்கு போயிட்டன்னு சொல்லு. திருப்பி புத்தூருக்கு அனுப்பு. ஆம்புலன்ஸு வரத அவ பாக்க வேணாம். சாத்து.

— நான் சாத்த மாட்டன்டி.

— யஸ்வந்த், நீ வா. உன் யோசனதான இது? சாத்து. கொண்டிய போடு. பூட்டு.

— அம்மா! அம்மா எங்க நைனா? இன்னா எல்லாரும் மூஞ்சில துணி கட்டிக்கினு கீறீங்க?

— பூட்டிட்டன்க்கா.

— இழுத்துப் பாரு. நான் கத்தினாலும் திறக்காத. அவ கத்தினாலும் திறக்காத.